சாமியிடம் கோபித்துக்கொள்ளலாமா, டாக்டரம்மா?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கமுங்க. எனக்கு 41 வயது, பல்லடம் பக்கம் ஒரு ஊர். எட்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. 'ஆமா', 'இல்ல' இரண்டுதான் வரும், அதுவும் மாறி மாறி வரும். ஆறு தறியை எடைக்குப் போட்டுவிட்டோம், மீதி இரண்டை நானே ஓட்டுகிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

போன ஜென்மத்துப் பாவம் என்கிறார் மாமியார். ஜோசியர் ஒருவர் பரிகாரத்துக்கு 65,000 ரூபாய் கேட்கிறார். முன்பெல்லாம் கிருத்திகை தவறாமல் சென்னிமலை முருகன் கோயிலுக்குப் போவோம். செவ்வாய்க்கிழமை கந்த சஷ்டி கவசம் சொல்லாமல் அவர் தறியில் கை வைக்க மாட்டார். இப்போது விளக்கு மட்டும் வைக்கிறேன், கும்பிட வரவில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் 'நீ இருக்கிறாயா, இல்லையா' என்று படத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன், அப்புறம் பயமாகிவிட்டது. போன மாதம் ஊர் மாரியம்மன் நோம்பியில் வள்ளி கும்மிக்கு இழுத்துவிட்டார்கள். இரண்டு பாட்டு ஆடினேன், சிரித்தும் விட்டேன். 'அவன் படுக்கையில் கிடக்கிறான், இவளுக்குக் கும்மி கேட்குது' என்று நாத்தனார் ஒரம்பரை, சொந்தபந்தம் முன்னால் சொல்லிவிட்டார். ராத்திரி தறிக்குடோனைச் சாத்தும்போது, காலையில் எழாமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. சாமி எதற்கு என்னைத் தண்டிக்கிறது? திட்டியது பாவமா? இனி எனக்குச் சந்தோஷம் என்று ஒன்று உண்டா?

பதில்:

அம்மிணி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இரண்டு சாமியைப் பற்றியவை, ஒன்று சந்தோஷத்தைப் பற்றியது. அவற்றுக்கு முன்னால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். காலையில் எழாமலே போய்விட்டால் தேவலை என்கிறீர்களே, அது உடம்பு அலுப்பில் வந்த பேச்சாக இருக்கலாம், ஆனால் ஈரோட்டில் முப்பது வருடமாக மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எப்படி என்று யோசித்தது உண்டா? உண்டு என்றால் இந்தப் பதிலை மேலே படிப்பதை நிறுத்திவிட்டு 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டின் 104-க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வீட்டில் பூச்சிமருந்து எதுவும் இருந்தால் இன்றைக்கே அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரருடைய மாத்திரைகளை மகளிடமோ, பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இனி கும்பிட வரவில்லை என்ற விஷயம்.

விளக்கு மட்டும் வைக்கிறேன், கும்பிட வரவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒரு கேள்விதான்: காபி ருசிக்கிறதா? மகள் பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது காதில் விழுகிறதா, இல்லை எங்கோ தூரத்தில் கேட்பது போல் இருக்கிறதா? விடிகாலை மூன்று, நாலு மணிக்கே விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் வராமல் மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்களா? இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படித்தான் நாள் போகிறது என்றால் அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். அந்த நோய் முதலில் களவாடுவது ருசியைத்தான். சோற்றின் ருசி போகும், பேச்சின் ருசி போகும், சாமி கும்பிடும் ருசி மட்டும் எப்படித் தங்கும்? எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து 'எனக்குப் பக்தி போயிடுச்சுங்க, நான் பாவி ஆயிட்டேன்' என்று அழுதிருக்கிறார்கள். சிகிச்சை எடுத்து இரண்டு மூன்று மாதம் கழித்து வரும்போது 'நேத்து தீபாராதனை பார்த்தேன், கண்ணில் தண்ணி வந்துடுச்சு' என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பக்தி எங்கேயும் போகவில்லை, அதை உணர்கிற இடம்தான் நோயில் கிடந்தது. கண்ணில் புரை விழுந்தவர் கோபுரத்தில் விளக்கு அணைந்துவிட்டது என்று நினைப்பது போலத்தான் இது.

ஆகையால் முதல் வேலையாக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். திருப்பூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே விசாரியுங்கள். மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், அது தூக்க மாத்திரை இல்லை, அடிமையாக்குவதும் இல்லை. ஆனால் வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரம் ஆகும். நாலு நாள் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், நன்றான பிறகும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மாத்திரை போட்டால் சாமிமேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ என்று நினைப்பவர்கள் நம் பக்கம் அதிகம். முருகன்பூண்டி சிவன் கோயிலில் மனம் கலங்கியவர்களைக் கூட்டி வந்து தீர்த்தத்தில் குளிக்க வைக்கிற வழக்கம் ரொம்பக் காலமாக உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே போய்வரும் குடும்பங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கிறேன், போகாதீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தீர்த்தமும் ஆடுங்கள், மாத்திரையும் போடுங்கள் என்பேன்.

அடுத்து, இந்தப் போன ஜென்மத்துப் பாவம். இதில் எனக்குக் கோபம் வரும், மறைக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோதான். கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, இப்படி அதற்குக் காரணங்கள் உண்டு. சில சமயம் காரணம் பிடிபடாமலும் போகும். அதில் உங்கள் பாவக்கணக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் மாமியாரையும் நான் குறை சொல்லவில்லை, பெற்ற பிள்ளை கண் எதிரில் விழுந்து கிடக்கிறான், ஏன் என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் இல்லாமல் அந்த ஆத்தாவால் தூங்க முடியாது. அவருக்குக் கிடைத்த பதில் அது. ஆனால் நீங்கள் அதைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

நம் கொங்கு மண்ணிலேயே இதற்கு ஒரு பதில் பாடி வைத்திருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தபோது, அப்போது அந்த ஊருக்குக் கொடிமாடச் செங்குன்றூர் என்று பெயர், கூட வந்த அடியார்களைப் பனிக்காலத்துக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. இந்த நாட்டில் இந்தப் பருவத்தில் இப்படித்தான் வரும் என்று எல்லோரும் தளர்ந்து கிடக்கிறார்கள். அவர் பாடிய பதிகம் 'அவ்வினைக்கு இவ்வினை ஆம்' என்றுதான் தொடங்குகிறது. அன்று செய்த வினைக்கு இன்று இது வந்தது என்று சொல்கிறீர்கள், அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, சரி, 'உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே' என்று அடுத்த அடியிலேயே கேட்கிறார். தப்பிப் பிழைக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்று அர்த்தம். வினை கிடையாது என்று அவர் வாதாடவில்லை. விதி, வினை என்று பேசிக்கொண்டு கையைக் கட்டி உட்காராதே என்கிறார். அதற்கு அடுத்த அடி 'கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும்'. கைத்தொண்டு செய்து அவன் காலைப் போற்றுவோம் என்று உரை சொல்வார்கள், பூப்பறிப்பது, மாலை கட்டுவது, கோயிலைக் கூட்டுவது எல்லாம் கைத்தொண்டு. எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் உங்களைப் போன்றவர்களின் கைதான் ஞாபகம் வரும். ஒன்றரை வருடமாக அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டி, நடுவில் ஓடிப்போய் அறுந்த நூலைப் பிணைத்துவிட்டு வருகிறீர்களே, அதைக் கைத்தொண்டு இல்லை என்று எந்தச் சாமி சொல்லும்? கும்பிட வரவில்லை என்று நீங்கள் வருத்தப்படும் நாளிலும் உங்கள் கை கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

அந்த 65,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இருந்தாலும் கொடுக்காதீர்கள், கடன் வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பயந்தவரிடம் பணம் கேட்பவருக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை. மனம் கேட்கவில்லை என்றால் பக்கத்துக் கோயிலில் ஒரு நெய்விளக்கு போதும். பணம் இருந்தால் அது அவருக்கு உடற்பயிற்சி சிகிச்சைக்கும், மகளுக்குக் காலேஜ் பீஸுக்கும் ஆகும்.

திட்டியது பாவமா என்று கேட்டிருந்தீர்கள். முருகன்பூண்டி பெயரைச் சொன்னேன் அல்லவா, உங்கள் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை, சிற்பிகள் கல்லை உளியால் தட்டிக்கொண்டிருக்கும் அந்த ரோட்டில்தான் சுந்தரரும் ஒரு காலத்தில் வந்தார். சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையும் பொருளையும் சுமக்க வைத்துக்கொண்டு வரும்போது வேடர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். அந்த வேடர்களாக வந்தவை சிவனுடைய பூதகணங்களே என்பது சேக்கிழார் சொல்லும் கதை, அது அப்போது சுந்தரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எல்லாம் போய்விட்டது என்பது மட்டும். நேராகக் கோயிலுக்குள் போகிறார். போய், ஐயோ நான் என்ன பாவம் செய்தேன் என்று மூக்கைச் சிந்தவில்லை. வழிப்போக்கனைக் குத்திப் பிடுங்குகிற திருடர்கள் இருக்கும் இந்த ஊரில், பெண்டாட்டியையும் கூட வைத்துக்கொண்டு, 'எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானிரே' என்று கேட்கிறார். எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறாய்? ஒரு பாட்டில் கேட்டுவிட்டு அடங்கினாரா, பாட்டுக்குப் பாட்டு அதே கேள்வி. காவல் காக்க முடியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பது போலத்தான் எனக்குக் காதில் விழும். அந்தச் சண்டை இன்றைக்கும் தேவாரத்தில் இருக்கிறது, கோயிலில் ஓதுகிறார்கள், யாரும் அதைப் பாவம் என்று வெட்டி எடுக்கவில்லை.

நீங்கள் கத்தியதும் அதே கேள்விதான், அம்மிணி. 'நீ இருக்கிறாயா, இல்லையா.' இல்லாத ஒருவரைப் பார்த்து யாரும் கத்த மாட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரால் முடியும், ஏன் சும்மா இருக்கிறார் என்ற உரிமையில்தான் அந்தக் குரல் வரும். உறவு அறுந்துபோன வீட்டில் சண்டை கேட்காது, அமைதிதான் இருக்கும். அதனால் பயப்படாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடு நில்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே 'எல்லாம் நல்லபடியா இருக்கு சாமி' என்று ஒப்பிக்க வேண்டாம், அது உடம்பையும் கெடுக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். பக்கத்து அறையில் இருந்த நான் ஒரு டாக்டர், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம், அங்கேதான் காவிரியில் அஸ்தியைக் கரைத்தோம். அதற்கப்புறம் பதினோரு மாதம் என் பூஜை அறை பூட்டியே கிடந்தது. வருபவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து இருட்டில் உட்கார்ந்திருப்பேன். வருடத் திதிக்கு மறுபடி கொடுமுடி போனோம். தெற்கே பார்த்து வரும் காவிரி அங்கே கிழக்கே திரும்பும், அந்தத் துறையில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல நான் வாயே திறக்கவில்லை, கொழுந்தனார்தான் எல்லாம் செய்தார். முடித்துக் கோயிலுக்குள் சும்மா போய் நின்றேன். ஓதுவார் ஒருவர் சுந்தரர் அந்த ஊரில் பாடிய பதிகத்தை ஓதிக்கொண்டிருந்தார். 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்ற இடம் வந்தபோது என் உதடு அசைவது எனக்கே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தது, நாற்பது வருடம் ஆகியிருக்கும். நான் கூடப் பாட வேண்டும் என்று நினைக்கவில்லை, மனம் இன்னும் இறுகித்தான் இருந்தது, நாக்கு மட்டும் அதுபாட்டுக்குச் சொல்லியது. நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு சொல்லும் என்று அவர் பாடியதற்கு எனக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது. அன்றைக்கே துக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து தூசி துடைத்தேன், அவ்வளவுதான். விளக்கு வைக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் நான் பிடித்துக்கொண்டால்தான் சாமி உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன், நான் கையை விட்ட காலத்திலும் அது என்னைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது என்று தெரிந்தபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது.

இப்போது அந்தக் கும்மிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். வள்ளி கும்மி என்ன பாட்டு? முருகனும் வள்ளியும் சேர்ந்த கதை. ஊர் கூடி, பறை அடித்து, அம்மன் முன்னால், முருகன் கதையைப் பாடிக் கை தட்டி வட்டமாக ஆடினீர்கள், உடம்பு வேர்த்தது, சிரிப்பு வந்தது. ஒன்றரை வருடத்தில் நீங்கள் மனதாரச் சாமி கும்பிட்டது அந்த இரண்டு பாட்டு நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் போய்க் குற்றம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்களே. மனச்சோர்வு உள்ளவருக்குச் சிரிப்பு வருவது, மேகம் மூடிய நாளில் ஒரு கணம் வெயில் எட்டிப்பார்ப்பது மாதிரி. நல்ல அறிகுறி அது.

சிரித்தால் வீட்டுக்காரர்மேல் பாசம் இல்லை என்று ஆகிவிடாது. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையின் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, தாமரைக்குளத்தில் வருடா வருடம் அந்த விழா நடக்கிறது. அதில் எல்லோரும் சுந்தரர் பாடியதும் பிள்ளை திரும்பி வந்த அற்புதத்தையே பேசுவார்கள். நான் அதற்கு முந்திய இடத்தில் நின்றுவிடுவேன், ஏனென்றால் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வருவதில்லை என்பதை என் வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். சுந்தரர் அந்தத் தெருவில் வரும்போது ஒரு வீட்டில் மங்கல வாத்தியம், எதிர்வீட்டில் அழுகை. இரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் குளிக்கப் போய் ஒன்றை முதலை பிடித்துக்கொண்டது, பிழைத்த பிள்ளைக்கு இப்போது பூணூல் கல்யாணம். சுந்தரர் இரண்டையும் விசாரிக்கிறார், அவர் மனம் போய் நின்றது அழுத வீட்டில்தான். வந்திருப்பது சுந்தரர் என்று தெரிந்ததும் அந்தப் பெற்றோர் முகம் மலர்ந்து ஓடி வந்து கும்பிடுகிறார்கள். பிள்ளையை இழந்தவர்கள் நீங்களா என்று கேட்டால், அது முன்னால் நடந்தது, உங்களைக் கும்பிட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தோம், எங்கள் அன்பு வீண் போகாமல் வந்துவிட்டீர்கள் என்கிறார்கள். சற்று முன் அழுத அதே முகம்தான் இப்போது மலர்கிறது. பிள்ளைமேல் அவர்களுக்குப் பாசம் குறைவு என்று சேக்கிழார் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. துக்கமும் சந்தோஷமும் ஒரே வீட்டில் குடியிருக்கும், ஒரே முகத்திலும் இருக்கும். துக்கம் முழுக்கத் தீர்ந்து வீட்டைக் காலி செய்த பிறகுதான் சந்தோஷம் வர வேண்டும் என்று காத்திருந்தால் யாருக்குமே அது வராது.

நாத்தனார் சொன்னதை விடுங்கள். தம்பியைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் வயிறு எரிகிறது, அது உங்கள்மேல் வந்து விழுந்தது. ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடமே கேளுங்கள். கோபித்துக்கொண்டு கேட்காதீர்கள், 'எனக்கு முடியலீங்க, ஒரு நாள் நீங்க பாருங்க' என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் அன்றைக்குத் தூங்குங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு உடற்பயிற்சி சிகிச்சை தொடர்ந்து நடக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இன்னொன்று, பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். சாப்பிட மறுப்பது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பது, பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் இருப்பது எல்லாம் அதனாலும் இருக்கலாம். உங்களுக்குப் பார்க்கும்போது அவரைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எப்போது சொல்லப்போகிறேன் என்று எனக்கே பரபரப்பாக இருந்தது. வலது பக்கம் விழுந்து பேச்சும் போனது என்றால் பெரும்பாலும் இடது மூளையில் அடி. நாமாக யோசித்து வார்த்தையைத் தேடிக் கோர்த்துப் பேசுவது முக்கியமாக அந்தப் பக்கத்து வேலை. ஆனால் பாட்டும், பல வருடம் சொல்லிச் சொல்லி நாக்கில் பதிந்துபோனவையும் அந்த ஒரு வழியை மட்டும் நம்பி இருப்பதில்லை. தண்ணீர் என்று கேட்க முடியாதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று கடகடவென்று எண்ணுவார், தன் பெயரைச் சொல்ல முடியாதவர் தெரிந்த பாட்டை ராகத்தோடு பாடுவார். இதை வைத்தே, பாட்டு மூலமாகப் பேச்சை மீட்கும் பயிற்சி ஒன்று 1970-களிலிருந்து உலகத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் வரும் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் கந்த சஷ்டி கவசம் சொன்னவர். அந்தக் கவசம் உங்கள் சென்னிமலையில்தான் அரங்கேறியது என்று சொல்வார்கள், அந்த மலைக்குப் போய்வந்துகொண்டே எத்தனை வருடம் சொல்லியிருப்பார்! அத்தனையும் அழிந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை, இரண்டு தறியையும் நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் கட்டில் பக்கத்தில் உட்காருங்கள். விளக்கை அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். நெற்றியில் விபூதி வைத்துவிட்டு, இடது கையைப் பிடித்துக்கொண்டு, மகளையும் கூட வைத்துக்கொண்டு, அவர் எந்த ராகத்தில் சொல்வாரோ அதே ராகத்தில் மெதுவாக 'துதிப்போர்க்கு' என்று தொடங்குங்கள். உங்களுக்குப் பக்தி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. 'வல்வினை போம்' வரைக்கும் சொல்லிவிட்டு அடுத்த 'துன்பம்' என்ற இடத்துக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி அவர் வாயைப் பாருங்கள், அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கு நேரம் வேண்டும். முதல் செவ்வாய் வராவிட்டால் அடுத்த செவ்வாய் மறுபடி. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், மருத்துவர் உங்களுக்கு என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், காத்துக்கொண்டிருப்பேன்.